ஐரோப்பாவிலும் ஏரியா வியாபாரம்தான்

மும்பை அருகே அம்பர்நாத்தில் சன் டிவி பார்க்கப் பெரிய சிரமம் எதுவும் இல்லை. கேபிள்காரரிடம் சொன்னால் போட்டுக்கொடுப்பார். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது அந்தச் சேனலின் மாத விலை வரி நீங்கலாக 19 ரூபாய். தாராவிக்கும் செம்பூருக்கும் சென்னைக்கும் அதே விலைதான். மொபைலிலும் அப்படியே. சந்தா கட்டிய ஆப் கல்யாணிலும் திறக்கும், கன்னியாகுமரியிலும் திறக்கும்.

அதே மொபைலோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் கதை வேறு. இந்தியாவில் எடுத்த ஜியோஹாட்ஸ்டார் சந்தா அங்கே செல்லாது. நெட்ஃபிளிக்ஸ் திறக்கும், ஆனால் வீட்டில் பாதி பார்த்துவிட்டு வந்த படம் அங்கே பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். பணம் கட்டியிருக்கிறோமே என்று வாதாடிப் பயனில்லை. எந்த நாட்டு ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

தொழில்நுட்பத்தால் வந்த தடையல்ல இது, வியாபாரத்தால் வந்தது. கோடம்பாக்கத்துக்கு இது பழகிய விஷயம். ஒரு படத்தைச் சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, மதுரை-ராமநாதபுரம் என்று ஏரியா பிரித்து விற்பார்கள். வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூருக்கு 'எஃப்.எம்.எஸ்.' என்று தனி வியாபாரம். கோவையை வாங்கியவர் செங்கல்பட்டில் படம் போட முடியாது. ஐரோப்பிய தயாரிப்பாளர்களும் நாடு நாடாக உரிமையை முன்கூட்டியே விற்று, அந்தப் பணத்தில்தான் பல படங்களை எடுக்கிறார்கள். எல்லை இல்லாத ஒரே சந்தை என்று பேசும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சினிமாவுக்கு எல்லை அப்படியே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

விளையாட்டு ஒளிபரப்பிலும் இருக்கும் அந்த எல்லையோடு மோதியவர்களில் பிரபலமானவர் ஒரு மதுக்கடைக்காரர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கடை நடத்திய கேரன் மர்ஃபி, பிரீமியர் லீக் கால்பந்தைக் காட்ட உள்ளூர் ஸ்கை சந்தாவுக்குப் பதில் மலிவான கிரேக்க டிகோடர் கார்டை வாங்கிப் போட்டார். அபராதம் விழுந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. வேறொரு உறுப்பு நாட்டின் கார்டைத் தடைசெய்வது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று 2011 அக்டோபர் 4-ல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. ஆனாலும் முழு வெற்றி இல்லை. ஆட்டத்துக்குக் காப்புரிமை இல்லை, லீகின் கீதத்துக்கும் திரை வரைகலைக்கும் உண்டு, அவற்றைக் கடையில் காட்ட அனுமதி வேண்டும் என்றது அதே தீர்ப்பு.

இணையச் சேவைகளுக்கு வழி பிறந்தது 2018 ஏப்ரல் 1-ல். அன்று அமலுக்கு வந்த சட்டப்படி, ஒன்றியத்தின் ஒரு நாட்டில் காசு கட்டிச் சந்தா எடுத்தவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால், வீட்டில் கிடைத்த அதே பட்டியலைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். 'தற்காலிகம்' என்றால் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. பயணிக்குத்தான் இந்தச் சலுகை. பாரிஸில் குடியிருந்துகொண்டு ஜெர்மன் சேவைக்குச் சந்தா கேட்கும் உரிமை யாருக்கும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நாட்டைப் பார்த்து வாடிக்கையாளரைத் தடுப்பதற்கு எதிராக வந்த புவித்தடை ஒழிப்புச் சட்டமும் படங்களையும் தொடர்களையும் ஒதுக்கிவைத்தது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அந்த விலக்கு தொடரட்டும் என்றே வாக்களித்தது.

தமிழர்களுக்கு இதில் லாபம் குறைவு. பாரிஸின் தமிழர் பகுதியான லா ஷப்பெல்லில் இருப்பவருக்கு ஜெர்மனிப் பயணத்தில் இந்தச் சட்டம் உதவும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. ஈழத்தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் இந்த இரண்டு நாடுகளும் கணக்கில் சேரவில்லை. இந்தியச் சந்தாவோடு போகிறவருக்கோ ஒன்றுமே இல்லை.

ஏரியாவே பிரிக்காமல் விற்றால் சிக்கல் எழாது. 2020 நவம்பரில் 'சூரரைப் போற்று' அமேசான் பிரைமில் ஒரே நாளில் உலகெங்கும் வந்தது அப்படித்தான்.

இந்த வழிகள் எதுவும் கிட்டாதவர்கள், வேறு நாட்டு ஐ.பி. முகவரியைக் காட்டும் வி.பி.என். பக்கம் போகிறார்கள், சேவைகளின் விதிமுறைகள் அதை அனுமதிக்காவிட்டாலும். அங்கும் ஒரு வேடிக்கை. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதும், எக்ஸ்பிரஸ்வி.பி.என். போன்ற நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. அந்த நிறுவனம் அதன் பிறகு இந்திய முகவரியைச் சிங்கப்பூரிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கொடுக்கத் தொடங்கியது.