கிணற்றடியில் தொலைந்த வித்தை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், இடையில் இளைப்பாறாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் டிரையத்லான் என்னும் போட்டி, மாதச் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்து, குடும்பத்தையும் நடத்தி, மிஞ்சிய விடியற்காலைகளில் தேகாப்பியாசம் செய்யும் சாமானிய மனிதர்களின் ஆசையாக இன்று வளர்ந்திருக்கிறது. அத்தகைய ஆசை கொண்ட ஒருவர் ராஜபாளையத்து நூற்பாலையொன்றில் கணக்கெழுதுபவராகவோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராகவோ, கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவராகவோ இருந்து, ஒரு முழு வருஷத்தை இந்தப் பிரயத்தனத்துக்கென ஒதுக்குவாரானால், அந்த வருஷம் அவருக்கு எப்படிக் கழியும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள காரியம். மூன்று வித்தைகளில் இரண்டுக்கு இந்தச் சீமை தாராளமாக இடம் தருகிறது. மூன்றாவதை ஒரு காலத்தில் எல்லாவற்றிலும் அதிகமாகக் கொடுத்த இதே சீமை, இன்று கையை விரிக்கிறது.

ஓட்டத்துக்குக் குறைவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 11 கிலோமீட்டர். கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினால் அரை மாரத்தான் தூரம் ஏறக்குறைய முடிந்துவிடும். சைக்கிளுக்கோ, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வழியாகப் பிளவக்கல் அணைப் பக்கம் போகும் சாலைகள், மேற்கே மலையும் இருபுறமும் வயலும் தோப்புமாக, எத்தனை முறை போனாலும் அலுக்காதவை. காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் கடந்தாக வேண்டும் என்பதற்காக இருள் பிரியுமுன் ஓடும் இளைஞர்களை இந்த வட்டாரத்தில் பார்க்கலாம். அமாவாசை தோறும் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் வயது முதிர்ந்த தாய்மார்களின் கால்களில் உள்ள உறுதியை அளக்க எந்தக் கடிகாரமும் கட்டப்படுவதில்லை. நெடுநேரம் சலிக்காமல் தேகத்தை நடத்தும் பழக்கம் இவ்வூர்களுக்குப் புதியதன்று.

அவருடைய வருஷத்தின் கணக்கு இப்படி அமையலாம். ஜனவரியில் சென்னை மாரத்தான், 42.195 கிலோமீட்டர். பிறகு ஒரே வருஷத்துக்குள் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்னும் நான்கு நெடுஞ்சைக்கிள் பயணங்கள். அவற்றுக்கு முறையே 13½, 20, 27, 40 மணி நேரம் எல்லை. சித்திரை, வைகாசி உஷ்ணத்தில் பயிற்சியைச் சூரியோதயத்துக்கு முன்பே முடித்துக்கொண்டு, உப்பிட்ட மோரும் நீராகாரமும் குடித்து உடம்பைக் காக்க வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்பது 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைப் பரிசோதித்தபோது தெளிவாயிற்று. வருஷத்தின் பிற்பகுதியில் கோவாக் கடற்கரையில், 2019 முதல் நடைபெற்றுவரும் அரைத்தூரப் போட்டி: 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இதன் இருமடங்கான முழுத்தூரத்தை 17 மணி நேரத்துக்குள் முடிப்பவரே அயர்ன்மேன் எனப்படுகிறார். 1978இல் ஹவாய்த் தீவுகளில் முதன்முதலாக அது நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர்.

இந்த நாட்குறிப்பு முழுவதிலும் நம்மவரை உறங்கவிடாமல் செய்வது அந்த நீச்சல் ஒன்றுதான். முழுத்தூரமாகிய 226 கிலோமீட்டரில் அது 3.8 கிலோமீட்டரே, நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் 2 மணி 20 நிமிஷத்துக்குள் கரையேறாதவருக்குச் சைக்கிளைத் தொடும் உரிமையே கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் உயிர். 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், ஏறக்குறைய 9.6 லட்சம் பங்கேற்பாளரில் 14 பேர் இறந்ததையும், அவர்களுள் 13 பேருக்கு நீச்சலின் போதே முடிவு நேர்ந்ததையும் கண்டறிந்தார்கள். தரையில் களைத்தவன் உட்காரலாம். ஜலத்தில் உட்கார இடமில்லை.

ஒரு காலத்தில், பாசனக் கிணறுகள் நிறைந்திருந்த இந்தச் சீமையில் ஏழெட்டு வயதுப் பையனுக்கு நீச்சல் கற்பிக்கத் தனி ஆசானோ கட்டணமோ தேவைப்பட்டதில்லை. பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில், தகப்பனோ தாய்மாமனோ பெரியப்பா மகனோ அவனைக் கிணற்றுக்கு அழைத்துப் போய், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் சுற்றிய கயிற்றின் மறுமுனையை மேலே நிற்பவர் பிடித்துக்கொள்ள, படியிலிருந்து நீரில் இறக்கிவிடுவார். முதல் நாள் அழுகையும் இரண்டாம் நாள் மூக்கில் ஏறிய தண்ணீரின் எரிச்சலும் போனபின், ஒரு வாரத்தில் குடுக்கையும் அதற்கடுத்து கயிறும் கழன்றுவிட, விடுமுறை முடியுமுன் அதே பையன் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிக்கிறவனாக மாறியிருப்பான்.

அந்தக் கல்வியின் மேன்மையை நாம் அப்போது உணரவில்லை. நகரத்து நீச்சல் குளத்தில் கால் எட்டும் ஆழத்தில் தொடங்கி, அடித்தளத்தில் தீட்டிய கோட்டைப் பார்த்தபடியே நீந்தப் பழகியவர், கலங்கிய கடலில் முதன்முதலாக இறங்கும்போது, கண்ணுக்குக் கீழே எதுவும் தெரியாத திகைப்பில் மூச்சை இழக்கிறார். கிணற்றில் கற்றவனுக்கோ ஆழமற்ற இடமென்று ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை; காலுக்கு அடியில் இருள் என்பதே அவனுடைய பால பாடம். முங்கு நீச்சலில் மூச்சடக்கவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும், நின்ற இடத்திலேயே காலடித்துத் தலையை மேலே வைத்துக்கொள்ளவும் அவன் விளையாட்டாகவே கற்றான். கிணறு நெடுந்தூரம் நீந்தக் கற்பிக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் நீரைக் கண்டு அஞ்சாமல், அதே சமயம் நீரை அலட்சியமும் செய்யாமல் இருக்கும் மனோதிடத்தைக் கற்பித்தது. எல்லாக் கிணறும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும், பல வீடுகளில் பெண்பிள்ளைகள் படிக்கட்டோடு நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மீண்டும் அந்த வித்தையைக் கொண்டுவரும்போது அந்தக் குறைகளையும் கொண்டுவரக் கூடாது.

இன்று அந்தக் கிணறுகள் எங்கே? நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கிய ஆழ்துளைக் குழாய்கள் நிலத்தடி நீரைக் கீழே இழுத்துக்கொண்டுவிட, வற்றிய கிணறு குப்பைக் குழியாயிற்று. நீர் உள்ள சிலவற்றுக்கும், அச்சத்தினால், வேலி போட்டாயிற்று. நம்முடைய கணக்கெழுதுபவர் பயிற்சிக்காகப் பஸ் ஏறிப் பெருநகரக் குளத்தைத் தேடிப் போகிறார். அவருக்குப் பணமும் பிடிவாதமும் உண்டு, எப்படியோ கற்றுக்கொள்வார். அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் என் கவலை.

தமிழர்களுக்கும் நெடுநீச்சலுக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. அதைச் சொல்லத் தமிழரல்லாத ஒருவரிடமிருந்தே தொடங்க வேண்டும்: கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த மிஹிர் சென், 1966ஆம் ஆண்டில் பாக் நீரிணையில் தொடங்கி, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமாக் கால்வாய் என ஐந்தையும் ஒரே வருஷத்துக்குள் நீந்தி உலகத்தை வியக்கவைத்தார். 28 ஆண்டுகள் கழித்து, 1994இல், அந்தச் சாதனையை ஆறாக உயர்த்தியவன் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன். இங்கிலீஷ் கால்வாயும் பாக் நீரிணையும் அந்த ஆறில் அடங்கும், வயதோ 12, 13. நம் மலைத்தொடரின் தென்பகுதியில் விழும் அருவியின் பெயரைத் தாங்கிய அந்தப் பிள்ளைக்கு 1996இல் அர்ஜுனா விருது கிடைத்தபோது, தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனையோ தகப்பன்மார் தம் மக்களைத் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போக எண்ணியிருப்பார்கள். கடலுக்கு அப்பால் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், அவரும் வழக்கறிஞரே, 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, அப்படியே திரும்பியும் நீந்தினார். 1984இல் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும் முயற்சியிலேயே அவருடைய உயிர் பிரிந்தது. அத்தனை வலிமையும் அனுபவமும் உடையவரிடமே ஜலம் இத்தனை கண்டிப்பாக நடந்துகொண்டது என்றால், அதன் சுபாவத்தையே அறியாமல் கரையில் வந்து நிற்கும் பிள்ளைகளை நினைத்து மனம் பதறாமல் இருக்க முடியவில்லை.

2025ஆம் ஆண்டின் நடுவில் கூமாப்பட்டியின் பெயர் கைபேசிகளின் வழியே ஊர் ஊராகப் பரவிய கதையை வாசகர் அறிவார். மலையடிவாரத்து நீரழகைக் காணொளியில் கண்டு, குளிக்கும் ஆசையோடு புறப்பட்டு வந்தவர்களில் பலர், அணையில் இறங்க அனுமதியில்லை என்று அறிந்து திரும்பினார்கள். வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நீரைக் கண்டால் இறங்கத் தோன்றுவது மனித சுபாவம். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரிந்திருக்கும்? வெளியூர்க்காரரை விடுங்கள். மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது அதன் கரையிலேயே வளரும் உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? உலகம் முழுவதும் 2021ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. அடுத்த தெருவில் ஒரு பிள்ளை போனால், மறுநாள் எல்லா வீட்டிலும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்ற தடை பிறக்கிறது. தடையினால் கல்லாமையும், கல்லாமையினால் மேலும் விபத்தும் வருகின்றன.

வேலி போட்டு, பலகை வைத்து, காவல் நிறுத்துவதே போதுமான வழி என்று கருதுவோரும் உண்டு. அவை வேண்டியவையே, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஜில்லாவின் ஒவ்வொரு கண்மாய்க்கும், கல் வெட்டிய ஒவ்வொரு குழிக்கும் வேலி போட யாராலும் இயலாது.

நம்மைவிட வறிய நிலையிலிருந்த வங்கதேசத்துக் கிராமங்களில், ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் மேடை கட்டி, நான்கு பக்கமும் அடைத்து, ஆழத்தைப் பிள்ளையின் மார்பளவுக்கு நிர்ணயித்து, அதற்குள்ளேயே நீச்சல் கற்பித்து வருகிறார்கள். பளிங்குக் குளமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் நம் கண்மாய்கள் தை, மாசியில் அலையடங்கி நிற்கும். மூங்கிலுக்கு மலையடிவாரத்தில் பஞ்சமில்லை. ஆசான்களும் இருக்கிறார்கள்: சுரைக்குடுக்கை கட்டிக் கற்ற கடைசித் தலைமுறைக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது; அவர்களுடைய கைகளும் கால்களும் அந்த வித்தையை இன்னும் மறக்கவில்லை. கோவாக் கடலுக்குத் தயாராகும் நம்முடைய கணக்கெழுதுபவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு சேர்ந்துகொண்டால், மூச்சை ஒழுங்கு செய்து நெடுந்தூரம் நீந்தும் நவீன முறையை அவர் சொல்லிக் கொடுக்கலாம். இருண்ட நீரில் பதறாமல் மிதப்பதை அவர்களிடமிருந்து அவர் கற்கலாம். பஞ்சாயத்தின் அனுமதி, பள்ளி ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வை, கரையில் எப்போதும் கயிறும் காற்றடைத்த டியூபுமாக இருவர், ஆறு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் எந்தத் தெருப் பிள்ளையானாலும் வரிசையில் இடம். வரும் தை மாதத்திலேயே ஒரு கண்மாயில் ஒரு மேடையோடு இதைத் தொடங்கலாம். சித்திரை விடுமுறைக்குள் முதல் குழுப் பிள்ளைகள் மேடையை விட்டு வெளியே நீந்தியிருப்பார்கள்.