விழுந்தது யார்?

ஓட்டப் பந்தயத்தில் ஓடி முடித்த ஓர் ஆண்பிள்ளை, மூச்சு இரைக்கப் புல்தரையில் தொப்பென்று விழுந்தால் என்ன சொல்வோம்? "உயிரைக் கொடுத்து ஓடினான், ஐயா!" என்று கை தட்டுவோம். விழுந்தது பெண்ணாக இருந்தால்? "ஐயோ பாவம், இவளுக்கு எதற்கு இந்த வேலை?" என்போம்.

சாதாரணமாகச் சொல்லுகிற இந்த 'ஐயோ பாவம்' எத்தனை பொல்லாதது தெரியுமா? ஒலிம்பிக் மைதானத்தின் 800 மீட்டர் ஓட்டத்திலிருந்து உலகத்துப் பெண்கள் அத்தனை பேரையும் 32 வருஷம் வெளியே நிறுத்தி வைத்தது அதுதான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

கதவைத் தட்டிய அம்மணி

ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் புத்துயிர் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரரான கூபெர்டின் பிரபு. அவருக்குப் பெண்கள் போட்டியில் இறங்குவது அடியோடு பிடிக்காது. ஆனால் அதே பிரான்ஸில் அலீஸ் மில்லியா என்ற அம்மணி இருந்தார். படகு ஓட்டுவதில் கெட்டிக்காரர். "பெண்களுக்கும் ஓட்டப் பந்தயம் வையுங்கள்" என்று ஒலிம்பிக் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. "சரி, நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று 1922ல் பாரிஸ் நகரில் பெண்களுக்கென்றே தனிப் பந்தயம் நடத்திவிட்டார். ஐந்து தேசத்துப் பெண்கள் வந்தார்கள். அதில் 1,000 மீட்டர் ஓட்டம்கூட உண்டு. ஓடியவர்கள் சௌக்கியமாக வீடு திரும்பினார்கள்.

இனிமேலும் கதவைச் சாத்தி வைக்க முடியுமா? 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் பந்தயங்களை அளந்து கொடுத்தார்கள். "பத்து என்றீர்கள், ஐந்துதானா?" என்று கோபித்துக்கொண்டு இங்கிலாந்துப் பெண்கள் வரவே இல்லை. அந்த ஐந்தில் மிக நீளமான ஓட்டம் 800 மீட்டர். மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

ஒன்பது பெண்கள்

1928 ஆகஸ்டு 2-ந் தேதி இறுதிப் பந்தயம். கோட்டில் ஒன்பது பெண்கள் நின்றார்கள்.

ஒருத்தி ஜெர்மனியின் லீனா ராட்கே. வயது 24. கல்யாணமானவள். அவளுக்கு ஓட்டம் பழக்கிய ஆசான் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான்!

இன்னொருத்தி கினுயே ஹிடோமி. அந்த ஒலிம்பிக்குக்கு ஜப்பான் அனுப்பிய ஒரே பெண். ஒஸாகா நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவள். 100 மீட்டரில் ஜயிப்பாள் என்று ஊரே நம்பியிருந்தது. அரை இறுதியிலேயே தோற்றுப் போனாள். வெறுங்கையோடு எப்படி ஊர் திரும்புவது? அதுவரை பந்தயத்தில் ஓடியே அறியாத 800 மீட்டரில் துணிந்து இறங்கிவிட்டாள்.

மூன்றாவது, கானடாவின் பாபி ரோஸன்ஃபெல்ட். டொராண்டோவில் சாக்லேட் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓடப் பழகியவள். அவளோடு வந்தவள் ஜீன் தாம்ஸன். பதினேழு வயதுச் சிறுமி. பயிற்சியின்போது காலில் அடிபட்டிருந்தது.

துப்பாக்கி வெடித்தது. இரண்டாவது சுற்றில் லீனா முந்திக்கொண்டாள். பின்னாலிருந்து புயலாகக் கிளம்பி வந்தாள் ஹிடோமி. ஆனாலும் லீனாவை எட்ட முடியவில்லை. லீனாவுக்கு 2 நிமிஷம் 16.8 விநாடி, ஹிடோமிக்கு 2 நிமிஷம் 17.6 விநாடி. மூன்றாவதாக ஸ்வீடனின் இங்கா ஜென்ட்ஸல். முதல் மூவருமே அதுவரை இருந்த உலக சாதனையை முறியடித்துவிட்டார்கள்!

அவர்களுக்குப் பின்னால் நடந்ததைத்தான் நான் பெரிய விஷயம் என்பேன். சிறுமி ஜீன் தளர்ந்து தடுமாறினாள். அதைப் பின்னாலிருந்து பார்த்த பாபி, வேகத்தைக் கூட்டிப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை. "வா, வா" என்று தைரியம் சொல்லிக்கொண்டே கூட ஓடி, ஜீனை நான்காவதாக முன்னே விட்டு, தான் ஐந்தாவதாக வந்தாள்.

பேனா செய்த வேலை

ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். களைத்துப் போன சிலர் புல்தரையில் சாய்ந்தது உண்மை. உலக சாதனையை விரட்டிக்கொண்டு ஓடியவர்கள் சாயாமல் என்ன செய்வார்கள்?

மறுநாள் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டுமே! ஓர் அமெரிக்க நிருபர் ஓடியவர்கள் பதினொரு பேர் என்றார். ஐந்து பேர் பாதியில் நின்றார்களாம், ஐந்து பேர் கோட்டைத் தொட்டதும் சுருண்டு விழுந்தார்களாம். ஒன்பது பேர் ஓடிய பந்தயத்தில் பத்துப் பேரை வீழ்த்திவிட்டது அவருடைய பேனா! அவரும் என் தொழிலைச் சேர்ந்தவர் என்று நினைக்கையில் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. லண்டன் பத்திரிகை ஒன்று ஒரு டாக்டரைக் கூட்டி வந்தது. இப்படி ஓடினால் பெண்கள் சீக்கிரம் கிழவியாகிவிடுவார்கள் என்று அவர் பயமுறுத்தினார். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகத் தண்ணீர் தூக்கும் பெண்களை அந்த டாக்டர் பார்த்ததில்லை போலும்.

இதற்கு இருபது வருஷம் முன்னால், 1908ல், லண்டனில் மாரத்தான் ஓட்டம் நடந்தது. இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி எல்லைக்கோட்டுக்கு அருகே பல முறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டார்கள். பிறர் உதவி பெற்றதால் பரிசு போயிற்று. ஆனால் இங்கிலாந்து ராணியே அவருக்கு ஒரு கோப்பை கொடுத்துக் கௌரவித்தார். மாரத்தானை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு வலுக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான்!

பெண்கள் விஷயத்தில் சம்மேளனத்தார் உடனே கூடினார்கள். பெண்களின் 800 மீட்டர் ஓட்டத்தை ஒலிம்பிக் ஜாபிதாவிலிருந்து அடித்துவிட்டார்கள். 1932ல் பெண்களுக்கு மிக நீளமான தனி ஓட்டம் 100 மீட்டர். 1948ல் மனம் இரங்கி 200 மீட்டரைச் சேர்த்தார்கள். 1956 வரை அதோடு சரி.

லீனாவின் சாதனை 1944 வரை யாராலும் அசைக்கப்படாமல் நின்றது. ஹிடோமிக்கு அத்தனை ஆயுள் இல்லை. 1931ல் நுரையீரல் நோயால் இறந்து போனாள். அப்போது வயது 24. இறந்த தேதி எது தெரியுமா? அதே ஆகஸ்டு 2.

மறுபடியும் இரண்டு சுற்று

1960ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில்தான் 800 மீட்டர் மறுபடியும் வந்தது. ஜயித்தவள் ரஷ்யாவின் லுட்மிலா ஷெவ்ட்ஸோவா; நேரம் 2 நிமிஷம் 4.3 விநாடி. அந்தப் பந்தயத்தில் ஒரு சம்பவம். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் டிக்ஸி வில்லிஸ், கோட்டை எட்டுவதற்குச் சற்று முன்னால் தடுமாறிப் பாதையை விட்டே விலகிவிட்டாள். 1928ஆக இருந்தால் இன்னொரு 32 வருஷம் போயிருக்கும்! இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை. விளைவு? இரண்டே வருஷத்தில், 1962ல், அதே டிக்ஸி 2 நிமிஷம் 1.2 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தாள். தடுமாறியவளுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தச் சாதனையை 1964ல் டோக்கியோவில் முறியடித்தவள் இங்கிலாந்தின் ஆன் பாக்கர். 400 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டு, "800 மீட்டர் கிடக்கட்டும், கடைத்தெருவுக்குப் போய்வரலாம்" என்று நினைத்தவள் அவள்! அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை ராபி பிரைட்வெல், தம் பந்தயத்தில் நான்காவதாக வந்து பதக்கத்தை இழந்தார். அவருக்காகவாவது ஓடுவோம் என்று ஓடினாள். கடைசி நேர்ப்பாதையில் எல்லோரையும் தாண்டிக்கொண்டு 2 நிமிஷம் 1.1 விநாடியில் தங்கப் பதக்கம்! ஓடி முடித்ததும் சுருண்டு விழுந்தாளா? அதுதான் இல்லை. நேரே மாப்பிள்ளையிடம் ஓடினாள். அந்த வருஷக் கடைசியில் கல்யாணமும் நடந்தது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1972ல் பெண்களுக்கு 1,500 மீட்டர், 1984ல் மாரத்தான். 1983ல் செக்கோஸ்லோவாகியாவின் யார்மிலா கிராடோஹ்விலோவா 800 மீட்டரை 1 நிமிஷம் 53.28 விநாடியில் ஓடிக் காட்டினாள்.

பாபி ரோஸன்ஃபெல்டை மறந்துவிடாதீர்கள். வாத நோயால் ஓட முடியாமல் போனபின் அவள் பேனா பிடித்தாள். டொராண்டோ பத்திரிகையில் பல வருஷம் விளையாட்டுப் பகுதி எழுதினாள். பத்திரிகைத் தொழிலின் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியவள் அவள்தான்.

நம் வீட்டுப் பெண்ணும் என்றைக்காவது பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஓடிவிட்டு, முகம் சிவக்க, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து உட்காருவாள். 'ஐயோ பாவம்' வேண்டாம். ஒரு தம்ளர் நீர்மோர் கொடுங்கள். பிறகு, "எத்தனையாவதாக வந்தாய்? அடுத்த பந்தயம் எப்போது?" என்று கேளுங்கள்.