கிளென்மார்கன் மலையில் 'வின்ச்' வண்டி: ஏற ஆசை உண்டு, டிக்கெட் இல்லை!

ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்கா, படகு ஏரி, மலை ரெயில் என்று பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி கிளென்மார்கனில் இன்னொரு தண்டவாளம் இருக்கிறது. எட்டிப் பார்த்தாலே வயிறு கலங்கும்! மலை விளிம்பில் இருந்து சிங்காரா மின் நிலையத்துக்குச் சரிந்து இறங்குகிறது. நீளம் சுமார் 3 கிலோ மீட்டர். பெயர் 'வின்ச்'.

எஞ்சின் கிடையாது

வண்டியில் எஞ்சின் கிடையாது. மின்சார மோட்டார் உருளையைச் சுற்றுகிறது. உருளையில் இரும்பு வடம், வடத்தின் நுனியில் வண்டி. வடத்தை விட்டால் இறங்கும், சுற்றினால் ஏறும். கிணற்றில் வாளி இறைக்கிற கதைதான்! மேட்டுப்பாளையம் ரெயில் வேறு ரகம். அதில் எஞ்சினே பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு ஏறுகிறது.

பைக்காரா நீர்மின் திட்டத்தின் பிள்ளை இந்த வின்ச். திட்ட வேலை 1929-ல் தொடங்கியது. 1932-ல் மின்சாரம் வந்தது. கோவை மில்கள் ஓடியது இந்த மின்சாரத்தில்தான். கிளென்மார்கன் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் சுமார் 3 ஆயிரம் அடி கீழே பாய்ந்து சிங்காராவில் எந்திரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சரிவில் லாரி போகுமா?

ரோட்டில் போவதென்றால் தலைக்குந்தா வந்து, கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மசினகுடி தாண்டி சிங்காரா சேர வேண்டும். மின் வாரிய ஊழியருக்கு வின்ச் எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போது புரியும்.

"எங்களையும் ஏற்றினால் என்ன?" என்று சுற்றுலா வருகிறவர்கள் கேட்பது நியாயம்தான். ஹாங்காங்கில் 1888 முதல் மலைவாசிகளுக்கு இதுதான் டவுன் பஸ் மாதிரி. பினாங்கு மலையில் 1923-ல் வந்தது. ஏன், நம்ம பழனியில் 1966 முதல் பக்தர்கள் வின்ச்சில் ஏறுகிறார்களே!

ஆனால் அவை ஜனங்களை ஏற்றுவதற்கென்றே போட்டவை. இது வேலைக்காரன் வண்டி. கீழே யானைக் காடு வேறு. நடுவழியில் நின்றால் குழந்தை குட்டிகளை எப்படி இறக்குவது? மேலே நின்று பார்க்க ஒரு பத்திரமான மேடையும், கதையைச் சொல்ல ஒரு போர்டும் வைத்தாலே போதும்.

ஊழியர்களின் உயிரும் அதே வடத்தில்தான் இருக்கிறது. பழனி ரோப் காரை ஆண்டுதோறும் நாள்கணக்கில் நிறுத்தி வடத்தைச் சோதிக்கிறார்கள். பக்தர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் நிறுத்துகிறார்கள். கூட்டம் வராத கிளென்மார்கன் வடத்துக்கும் அதே கவனிப்பு வேண்டும்.