29-ஐ விட 28 பெரிது!

சைக்கிள் டயரின் ரிம் அளவில் 28 இன்ச் பெரிதா, 29 இன்ச் பெரிதா? 28 தான்! பால்காரர்கள் கேன் கட்டி மிதித்த பழைய பெரிய சைக்கிளின் டயர் 28 x 1½. அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. இன்றைய 29 இன்ச் மவுண்டன் பைக்குக்கு அது 622 மி.மீ. மட்டுமே.

இன்ச் கணக்கு, காற்றடித்த டயரின் வெளி விட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. டயர் பருத்தால் அதே இன்ச்சுக்கு ரிம் சிறுத்துவிடும். 26 x 1⅜ டயருக்கு ரிம் அளவு 590. 26 x 1.95 டயருக்கு 559. இரண்டும் '26 இன்ச்'தான். ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது சேராது. எனவே பழைய டயரின் பக்கவாட்டில் 40-635, 50-559 என்று அச்சாகியிருப்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதல் எண் டயரின் அகலம். அது சற்று முன்பின் இருக்கலாம். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும்.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு வழவழப்பான டயர் போதும். பெரிய பட்டன் வைத்த டயர் மண்ணைக் கவ்வும். தாரில் மிதிப்பவரின் மூச்சைத்தான் வாங்கும்.

ஓட்டை எங்கே?

காற்று இறங்கினாலே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரிய சைக்கிளில் வால்வ் ட்யூப் என்ற சின்ன ரப்பர் குழாய் இற்றுப்போயிருக்கலாம். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் அந்தக் குழாயை மாற்றினாலே போதும்.

பஞ்சர்தான் என்றால், ட்யூபை உருவும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டதும், வால்விலிருந்து அது எவ்வளவு தூரமோ, கோட்டிலிருந்து அதே தூரத்தில் டயருக்குள் துணியால் துழாவினால் முள் சிக்கும். முள்ளை எடுக்காமல் ஒட்டினால் மறுபடி பஞ்சர்தான். ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் குற்றவாளி ஸ்போக்ஸ் கம்பி. ரிம் டேப் விலகியிருக்கும். அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை என்றால், காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இடித்து, ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

ட்யூபில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஈரப் பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டும் பேட்ச் சீக்கிரமே பெயர்ந்துவிடும்.

டயர் கிழிந்திருந்தால் பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம். விளிம்புக் கம்பி அறுந்துவிட்டால் மட்டும் ஒட்டுவேலை எதுவும் வேண்டாம். காற்றின் அழுத்தத்தில் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடும். புது டயர்தான் வழி.