குழல் தேய்ந்தால் குண்டைப் பெருக்க வேண்டும்

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரைபிளில் குறி பிசகத் தொடங்கினால், குழல் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையல்ல. தேய்மானம் அதிகம் இருப்பது குழல்வாயை ஒட்டிய சில அங்குலங்களில்தான். ஒவ்வொரு முறையும் கரிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். சுட்டு முடித்தபின் அதே வழியாகக் கோலை விட்டுத் துடைக்க வேண்டும். கோலில் ஒட்டிய மணலும் துருவும் வாயின் ஒரு பக்கத்தையே உரசி உரசி அரத்தைப் போல் ராவிவிடும். அப்புறம் குண்டு வெளியேறும் நொடியில் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு சீறும். தள்ளுவிசை சாய்ந்தால் குண்டும் சாயும்.

குறி என்பது குழலுக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தம். இந்தப் பொருத்தத்தைப் பற்றிக் கவலையே படாத துப்பாக்கிகளும் இருந்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள பாகூரில் 1752இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலப் படையும் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையும் மோதியபோது இரு தரப்பும் ஏந்தியிருந்தவை உட்புறம் வழவழப்பான மஸ்கட்டுகள். ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' மஸ்கட்டின் துளை சுமார் 19 மில்லிமீட்டர். அதில் போட்ட குண்டோ ஏறத்தாழ பதினேழரை மில்லிமீட்டர். கரி படிந்த குழலிலும் சட்டென்று இறங்க வேண்டும் என்பதற்காகவே குண்டைச் சிறிதாக வார்த்தார்கள். நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிவைத்து வீழ்த்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டுவிட்டு, பயனெட் கத்தியோடு பாய்வதுதான் போர்முறை. பாகூரிலும் முடிவைத் தீர்மானித்தது பயனெட்தான்.

ரைபிள் என்பது உட்சுவரில் மரை வெட்டிய குழல். மரைப்பள்ளங்கள் குண்டைப் பம்பரமாகச் சுழலவிடுவதால் அது தடம் மாறாமல் பறக்கிறது. சுழற்சி வேகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1857 கிளர்ச்சியோடு பெயர் சேர்ந்துவிட்ட 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டில் மூன்றே பள்ளங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் நீளம் 39 அங்குலம் என்பதால், குண்டு வெளியே வருவதற்குள் அரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். நூற்றுக்கணக்கான கஜ தூரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் குண்டு பள்ளத்தைக் கவ்வினால்தான் இந்த அரைச் சுற்றாவது கிடைக்கும். பழைய வேட்டை ரைபிள்களில் எண்ணெயோ கொழுப்போ தடவிய துணியில் உருண்டைக் குண்டைச் சுற்றி இறக்கினார்கள்; துணிதான் பள்ளத்தை நிரப்பியது. என்ஃபீல்டின் நீளக் குண்டுக்கு அடிப்புறத்தில் குழிவு உண்டு. மருந்து வெடித்ததும் அது விரிந்து பள்ளத்தில் பதியும்.

ஆகவே பழுதுபார்க்கும் வேலை சோதனையில்தான் தொடங்குகிறது. வெந்நீரும் சோப்பும் விட்டுக் கரியைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசியபின், துளையைவிடச் சற்றே பெரிய மென்மையான ஈயக்கட்டி ஒன்றை வாயில் தட்டி நுழைத்து, கோலால் மெதுவாக உள்ளே தள்ளுவார்கள். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதைத் தள்ளும் கையே சொல்லிவிடும். வாயருகில் தளர்ந்து உள்ளே இறுகினால் நல்ல செய்தி. அடிப்பக்கம் துருவேறிக் குழிவிழுந்திருந்தால் குறியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வெடிப்பின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான், அந்தக் குழலால் சுடவே கூடாது. கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். புதுச்சேரியைப் போன்ற கடலோர ஊரில் கழுவாமல் வைத்த குழல் வெகு சீக்கிரம் இந்த நிலைக்கு வந்துவிடும்.

குறைந்த செலவில் தீரும் வழி, குழலைத் தொடாமல் குண்டை மாற்றுவது. துணியைச் சற்றுக் கனமாக்கலாம், அல்லது பெரிய அச்சில் குண்டு வார்க்கலாம். பலருக்கு இதுவே போதும். அரத்தை எடுப்பதற்கு முன் இதை முயலாதவரைக் கைதேர்ந்தவர் என்று சொல்ல முடியாது. வாய் மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை அறுத்துவிட்டு, புது வாயைக் குழலின் அச்சுக்குச் செங்குத்தாகச் சமன்செய்து, ஓரத்தை மழுக்குவார்கள். அறுப்பு மயிரளவு சாய்ந்தாலும் பழைய நோய் திரும்பிவிடும்.

பள்ளங்களே மழுங்கிப்போனால் மறுபடி வெட்ட வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக் கொல்லர்கள் இதற்குக் கையாண்ட முறையில் ஒரு அழகு உண்டு. கோலின் முனையில் நூலைச் சுற்றி அடைப்புச் செய்து குழலுக்குள் நிறுத்தி, வாய்வழியாக ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் ஆறியதும் பள்ளங்களின் அச்சு அதன்மேல் முகடுகளாக விழுந்திருக்கும். அந்த ஈயக்கட்டியில் சிறு எஃகுப் பல் ஒன்றைப் பதித்து, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் இழுத்தால், முகடுகள் பழைய பள்ளத்தையே பிடித்துக்கொண்டு போகும். புதிதாகச் சுழற்சி அளக்கத் தேவையில்லை, பழைய மரையே வழிகாட்டி. ஒவ்வொரு பள்ளமாக முடித்தபின், பல்லுக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி அதை மயிரளவு உயர்த்துவார்கள். மீண்டும் முதல் பள்ளத்திலிருந்து தொடங்குவார்கள். பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளையும் சீவிச் சமன்செய்வதால் துளை பெரிதாகும். அதற்கேற்ற புது அச்சும் கூடவே செய்தாக வேண்டும். சில துப்பாக்கிகள் தம் ஆயுளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இப்படி வெட்டுப்பட்டு, தடவைக்குத் தடவை பெரிய குண்டு கேட்டவை.

வெட்ட இடமில்லாத அளவுக்குச் சுவர் தேய்ந்திருந்தால், துளையை அகலப்படுத்தி, மரை வெட்டிய புதுக் குழாயை உள்ளே செருகுவது கடைசி வழி. வெளித்தோற்றம் மாறாது, ஆனால் உள்ளே இருப்பது இன்னொரு துப்பாக்கி.

எல்லாத் துப்பாக்கிக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. நரிக்குறவர்கள் பயன்படுத்திவந்த நாட்டுத் துப்பாக்கி பொதுவாக மரையில்லாத குழல். ரவை சிதறிப் பாய்வதற்கானது. அதில் மீட்டெடுக்க மரை ஏதும் கிடையாது. அதேபோல, மரையில்லாத என்ஃபீல்டு ஒன்று கைக்கு வந்தால் தேய்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென வந்த 1858ஆம் ஆண்டு மாதிரியில் ஆட்சியாளர்கள் மரையே வைக்கவில்லை. துளையும் 0.577 அங்குலத்துக்குப் பதில் 0.656 அங்குலம். சிப்பாயின் குறி வெள்ளைக்காரனின் குறியை எட்டிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைதான் காரணம்.

இந்தியாவில் இந்த வேலை எதையும் வீட்டுப் பட்டறையில் செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்க உரிமம் வேண்டும். குழலை அறுத்துக் குறுக்குவதற்கு 6ஆம் பிரிவு தனியாக உரிமம் கேட்கிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடப்பதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. 45ஆம் பிரிவு பழம்பொருள் என்று விட்டுவைப்பது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்தை மட்டுமே. மேலே சொன்ன முறைகளில் ஏதோ ஒன்றால் சுடும் நிலைக்குக் கொண்டுவர முடியும் என்றால், அதை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும்.