ஹீட்டரே போடாத ஊரில் ஹீட்டர் ஹோஸ் ஏன் கெடுகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் கார் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள்? ஆனால் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில் (1962-இல் வந்தது, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குச் சொந்தக்கார வண்டி) ஹீட்டர் வால்வை மூடினாலும் எஞ்சின் பக்க ஹோஸில் சூடும் அழுத்தமும் இருந்துகொண்டேதான் இருக்கும்.

வெளிப் பளபளப்பை நம்பக்கூடாது. கூலன்ட், உலோக முனை, கரி கலந்த ரப்பர் மூன்றும் சேர்ந்து சின்ன பேட்டரிபோல வேலை செய்ய, உள்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். கிளாம்ப் பக்கத்தில்தான் அதிகம். வண்டி ஆறியபின் அங்கே விரலால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்றிருந்தாலோ, உள்ளே பள்ளம் தட்டுப்பட்டாலோ மாற்ற வேண்டியதுதான்.

பழையதை முறுக்கி இழுத்தால் ஹீட்டரின் மெல்லிய உலோகக் குழாய் பிய்ந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். புதியது இ.பி.டி.எம். ரப்பராக இருக்கட்டும். மாட்டச் சிரமமென்று கிரீஸ் தடவாதீர்கள். அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். கொஞ்சம் தண்ணீர் போதும்.