வீட்டு முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், கார்புரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைக்க, 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை வீட்டிலேயே புதுப்பிக்க இன்றும் சிலர் முனைகின்றனர், நல்ல முயற்சியே. ஆனால் அவர்கள் முதலில் வாங்குவது வர்ணமாக இருக்கிறது!

இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. எனவே அடித்தட்டிலும், பின்புற வில்லுத்தகடுகள் பொருந்துமிடத்திலும் கறள் பிடித்திருப்பின், அதனை வெட்டியகற்றிப் புதுத் தகடு பற்றவைத்த பின்பே அழகைப் பற்றி எண்ணவேண்டும். இதனிலும் முக்கியமானது, முன்சில்லைத் தாங்கும் மரை வெட்டிய மூட்டு. சில்லைத் திருப்புந்தோறும் அம்மரையும் சுழல்கிறது. கிறீஸ் வற்றினால் அது தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று, சில்லு சரிந்துவிடும். 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுவது சிறிய வேலையே. அந்தக் காரில் ஏறிப் பள்ளிக்குச் செல்வோர் நம் பிள்ளைகளல்லரோ? வலுக்கூடிய எஞ்சின் பூட்ட விழைவோரும் பிறேக்கை முதலில் வலுப்படுத்துவாராக.

விடுமுறை நாளில் ஒரு பகுதியை மட்டும் கழற்றுங்கள். முழுவதும் பிரித்துப்போட்ட வண்டி முற்றத்தையும் மாதச் சம்பளத்தையும் விழுங்கும். வீட்டாரின் பொறுமையும் குன்றும். கழற்றிய ஆணிகளைப் பெயரெழுதிய பேணிகளில் இடுங்கள். பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை இது. (சமையலறைப் பேணிகளைக் கேளாது எடுத்தல் தகாது.) ஆனால் ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் எவரும் புகலாகாது, உறுதியான தாங்கிகளை வைத்து, பிள்ளைகளை அப்பால் நிறுத்திய பின்பே கீழே படுத்து வேலை செய்யுங்கள்.